எந்தப் பெருநாள்?

1

பாளையங்கோட்டையில் நான் முன்பு செய்தி திருத்திக்கொண்டிருந்த நாளிதழில் இன்னமும் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, சென்ற மாதம் கூப்பிட்டு ஒரு சின்னத் தகவல் கேட்டாள்.

"மலேசியாவுல வருஷத்துக்கு எத்தனை நாள் அரசு விடுமுறை? ஒரு பெட்டிச் செய்தி போடணும். நம்பர் மட்டும் சொல்லு, போதும்."

"எந்த மாநிலத்துக்கு?"

"மலேசியாவுக்குடி."

"அதான், அதுல எந்த மாநிலத்துக்கு?"

விளக்க வேண்டியதாயிற்று. நாங்கள் இருக்கும் கோலா சிலாங்கூரிலிருந்து வடக்கே போய் பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலம். இங்கே ஒரு சுல்தான், அங்கே ஒரு சுல்தான். இருவருக்கும் பிறந்தநாள் வேறு, ஆகவே விடுமுறையும் வேறு. தைப்பூசத்துக்கு எங்கள் கடையை அடைப்போம். பக்கத்திலிருக்கும் பகாங்கில் அன்று சாமான் வரவில்லையே என்று போன் செய்வார்கள். தீபாவளியன்று சரவாக்கில் அலுவலகங்கள் திறந்திருக்கும். கிளந்தானில் வாரக் கடைசி என்பது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டு, நாம் ஏன் போனை எடுக்கவில்லை என்று வருத்தப்படுவார்கள். நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது பிறை பார்த்து முதல் நாள் மாலை தொலைக்காட்சியில் சொல்லப்படும். இவை எல்லாம் போக, ஏதாவது ஒரு பந்தயத்தில் நாடு ஜெயித்துவிட்டால் மறுநாள் விடுமுறை என்று அறிவித்தாலும் அறிவித்துவிடுவார்கள்.

தோழி எழுதிக்கொண்டதையெல்லாம் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பெட்டிக்குள்ள அடங்காது. கனடாவைப் பத்திப் போட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவளுக்கு இது பெட்டிச் செய்தி. எனக்குப் பிழைப்பு. என் கணவர் பாலனும் நானும் பலகாரப் போத்தல் மொத்த வியாபாரம் செய்கிறோம். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் போத்தல், அகலமான வாய், திருகு மூடி. இந்த நாட்டில் மலாய்க்காரர்களின் பிஸ்கட், சீனர்களின் அன்னாசி உருண்டை, தமிழர்களின் முறுக்கு எல்லாமே இந்த ஒரே போத்தலுக்குள்தான் போகின்றன. வீட்டில் பலகாரம் சுட்டு விற்கும் பெண்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். போத்தல் ரவாங் பக்கம் செய்கிறார்கள். மூடி சீனாவிலிருந்து வருகிறது. மூடியின் நிறத்தை வைத்துத்தான் அது யாருடைய பண்டிகை என்று தெரியும். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்குத் தங்க நிறம்.

ஆக, எங்களுக்கு ஒவ்வொரு பண்டிகையும் இரண்டு முறை வரும். முதலில் சாமான் கேட்டு வரும். பிறகு அந்தச் சாமானைக் கொண்டுவர வேண்டிய லோரிக்காரர், கப்பல்காரர், கிடங்குக்காரர் எல்லாரையும் லீவில் அனுப்பிவைக்க வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் நாங்கள் சாமானை அனுப்பிவிட வேண்டும்.

2

வந்த புதிதில் எனக்கு விடுமுறை என்ற சொல்லே தெரியாது.

மனைவி என்ற முறையில் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பாலன் காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். வாசலில் சங்கிலி போட்டிருந்தது. பக்கத்தில் நாற்காலியில் ஒரு தமிழ்க் காவலாளி.

"இன்னிக்கி சுத்தி மா" என்றார்.

சரி, முன்வாசல் பூட்டியிருக்கிறது, சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கட்டடத்தைச் சுற்றினேன். பெரிய கட்டடம். பின்பக்கம் குப்பைத் தொட்டிகளும் ஒரு பூனையும் இருந்தன, வாசல் இல்லை. முழுச் சுற்றும் முடித்து மறுபடி அவர் முன்னால் வந்து நின்றேன்.

"அண்ணே, வழி இல்லியே."

"அதான் சொன்னேன்ல, சுத்தி மா."

இடப்பக்கமாகப் போனது தப்பு போலிருக்கிறது என்று வலப்பக்கமாகப் போனேன். பூனை இந்த முறை எழுந்து நின்று பார்த்தது. திரும்பி வந்தபோது பாலனும் காவலாளியும் பேசிக்கொண்டிருந்தார்கள். காவலாளி என்னைக் கவலையோடு பார்த்து, "வெயில்ல எதுக்குங்க இவங்க நடந்துகிட்டே இருக்காங்க?" என்று அவரிடம் கேட்டார்.

மலாயில் விடுமுறைக்கு 'சுத்தி' என்று பெயர். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். காவலாளி அழுத்தித்தான் சொன்னாராம், நான்தான் கவனிக்கவில்லையாம். அன்று என்ன விடுமுறை என்று காவலாளியிடமே கேட்டேன். "நேத்து உள்ள லீவுக்கு இன்னிக்கி லீவு" என்றார். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்ட விடுமுறை வீணாகாமல் திங்கள்கிழமைக்கு எடுத்துவைக்கப்படுகிறது. எங்கள் நாளிதழில் தீபாவளி ஞாயிறில் வந்தால், அன்றைக்கு வாரமலரையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது மட்டும்தான் எங்களுக்கு நடக்கும் வித்தியாசம்.

இதையெல்லாம் எங்கள் மகள் கயலிடம் சொன்னால் பரிதாபப்படுவாள். அவள் இங்கேயே பிறந்தவள், இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். எந்த மதத்தின் எந்தப் பண்டிகை எந்தக் கிழமையில் வருகிறது என்று அவளிடம் கேட்டால் சொல்வாள். பண்டிகை எதற்காக என்று கேட்டால் மட்டும், "அது கூகிள்ல இருக்கும்லா" என்பாள். ஒருநாள் என்னிடம், "உங்க ஊர்ல சீனப் புத்தாண்டுக்கு எத்தன நாள்மா லீவு?" என்றாள். லீவே கிடையாது என்றேன். என் இளமைக்காலத்தின் மொத்தத் துயரத்தையும் அப்போதுதான் புரிந்துகொண்டவள் போல, "ஐயோ, பாவம்லா நீங்க எல்லாம்" என்று என் கையைத் தடவிக்கொடுத்தாள். 'நீங்க எல்லாம்' என்றதில் பாளையங்கோட்டை முழுவதும் அடங்கியிருந்தது. அவள் இல்லை.

3

இந்த வருடம் நடந்ததைச் சொல்ல ரோஸ்லினைத் தெரிந்திருக்க வேண்டும்.

ரோஸ்லின் பத்தாங் காலியில் இருக்கிறாள். பெற்றோர் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள். தோட்டம் மூடியதும் ஊருக்குள் வந்துவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் முறுக்கு சுடுவாள். ஓமம் போட்ட முறுக்கு. சின்னச் சின்ன ஆர்டர்களுக்கு எங்களிடம் போத்தல் வாங்குவாள்.

புது வருடம் பிறந்த கையோடு அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். தொழிற்சாலை முதலாளியின் மனைவி அவள் முறுக்கைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேலையாட்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு போத்தல் அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் மூலம் கேட்டிருக்கிறார். "இது ஒழுங்காப் போச்சுன்னா வருஷம் பூரா எல்லா விசேஷத்துக்கும் எனக்கே குடுக்கறேன்னு சொல்லிட்டாங்கக்கா. நான் நைட் ஷிப்ட விட்டுருவேன். பெருநாளுக்கு முன்ன வாரம் போத்தல் கைக்கு வந்துரணும். வழக்கமா உள்ள மூடிதான். மறந்துறாதீங்கலா."

நான் எதையும் மறக்கவில்லை. அங்கேதான் சிக்கல்.

எங்கள் நாளிதழில் சொற்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தீபாவளி என்றால் பண்டிகை. கோயில் என்றால் திருவிழா. கிறிஸ்துமஸ் என்றால் பெருவிழா. ரம்ஜான் என்றால் பெருநாள். மாற்றி எழுதினால் தலைமை உதவி ஆசிரியர் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்த வட்டத்துக்குப் பயந்து பயந்து, இந்தச் சொற்கள் எனக்கு எலும்புக்குள் இறங்கிவிட்டன. ரோஸ்லின் பெருநாள் என்றதும் என் கை தானாக நோன்புப் பெருநாள் என்று எழுதியது. நோன்புப் பெருநாளுக்கு வழக்கமான மூடி பச்சை. சீனாவில் புத்தாண்டுக்காகத் தொழிற்சாலைகளை அடைப்பதற்கு முன்பே பச்சை மூடியை வரவழைத்து, அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்தேன். நான் கவனமான ஆள் என்பதால், "பெருநாளுக்கு முந்தின வாரம் அனுப்பிவிடுகிறோம்" என்று எழுதி உறுதிப்படுத்தவும் செய்தேன். அவளும் கட்டைவிரல் படம் போட்டாள்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம், ஒரு காலை நேரத்தில் ரோஸ்லின் கூப்பிட்டாள்.

"பசியாறிட்டீங்களாக்கா?"

"ஆச்சு ரோஸ்லின். என்ன விஷயம்?"

"போத்தல் எங்கக்கா? லோரி கெளம்பிருச்சா?"

"எந்தப் போத்தல்?"

அந்தப் பக்கம் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தாள் போல; சத்தம் நின்றது.

"பெருநாளுக்குக் கேட்ட போத்தல்கா. நாளைக்கு மத்தியானத்தோட கம்பெனிய அடைக்கிறாங்க. கடைசி ஈடு தவிர முறுக்கு பூரா சுட்டு வெச்சிட்டேன். பிளாஸ்டிக் பையில கட்டி, பிஸ்கட் டின்ல போட்டு, கட்டிலு மேல எல்லாம் அடுக்கி வெச்சிருக்கேன். நமத்துப் போயிரும்கா."

"பெருநாளுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கே."

"எந்தப் பெருநாளுக்கு?"

"நீ எந்தப் பெருநாள்னு சொன்னே?"

"நான் பெருநாள்னுதானக்கா சொன்னேன்!"

"நானும் பெருநாள்னுதானே எழுதினேன்!"

இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல். எழுத்துப்பிழைகூட இல்லை.

ரோஸ்லின் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பரவால்லக்கா" என்று மட்டும் சொன்னாள்.

கிடங்கிலிருந்த பாலனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஜனவரில பெருநாள்னு சொன்னா சீனப் பெருநாள்தான? இதுகூடவா தெரியாது?"

"சீனப் புத்தாண்டு எப்படிங்க பெருநாள் ஆகும்?"

"எல்லாமே பெருநாள்தான். தீபாவளியும் பெருநாள், கிறிஸ்மஸும் பெருநாள். அடுத்து எது வருதோ, அதுக்குப் பேரு பெருநாள். அவ்ளோதான்."

இந்த விதியை எனக்கு ஏன் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு விதி என்று இப்போதுதான் தனக்கே தெரியும் என்றார்.

4

போத்தல் கிடங்கில் இருந்தது. சிவப்பு மூடி ஒன்றுகூட இல்லை. அந்தப் பருவத்தின் கடைசி மூட்டை தீர்ந்திருந்தது. கிள்ளானில் இருக்கும் வியாபாரிகளைக் கூப்பிட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் விமானம் ஏறப் போவதாகச் சொன்னார். மூன்றாமவர் மிக மரியாதையாக, பதினைந்தாம் நாளுக்குப் பிறகு பேசலாம் என்றார். சீனர்களுக்குப் புத்தாண்டு பதினைந்து நாள் என்பதை நான் அப்போது ரசிக்கும் நிலையில் இல்லை.

பச்சை மூடியையே போட்டு அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது. நிறத்தில் என்ன இருக்கிறது, உள்ளே முறுக்குதானே. யாராவது ஒரு சீனரிடம் கேட்டுவிடலாம் என்று பக்கத்துக் கடைக்குப் போனேன். இரும்புச் சாமான் கடை. உரிமையாளர் ஆ செங், புக்கிட் ரோத்தானில் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அவர் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தோட்டத்துக் கங்காணி ஒருவர் பேசுகிற மாதிரியே இருக்கும். வாசலில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, மொகம் புளிச்ச தயிர் மாதிரி இருக்கு?"

சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கினார்.

"பச்ச மூடியா? போத்தலுக்குத் தலையில பச்சயா?"

"ஆமா அண்ணே. அதனால என்ன?"

"அய்யோ! பச்சத் தொப்பி லா அது! எங்க ஆளுகள்ல ஆம்பளக்கிப் பச்சத் தொப்பி வெச்சா என்னா அர்த்தம் தெரியுமா? அவன் பொண்டாட்டி வேற ஆள வெச்சிருக்கா!"

அனுப்பாமல் கேட்க வந்தது நல்லதாயிற்று.

"யாரு குடுக்கறது?" என்று கேட்டார்.

"முதலாளியோட மனைவி."

"யாருக்கு?"

"தொழிற்சாலைல வேலை செய்யற எல்லாருக்கும்."

ஆ செங் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி சிரித்தார். "தவுக்கே பொண்டாட்டி, கம்பெனில உள்ள அத்தன ஆம்பளக்கும், பெருநாளும் அதுவுமா, தன் கையால பச்சத் தொப்பி! தங்கச்சி, நானும் அங்க வரணும்லா. எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லு."

வெள்ளை மூடி கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டார். "வெள்ள, ஆள் செத்தாத்தான்" என்றார். "வேணாம். அதுக்குப் பச்சையே மேல். அதுல ஆளாவது உயிரோட இருக்கான்."

நான் திரும்பி வந்தபோது பாலன் பழைய விற்பனைகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். இந்தப் பருவத்தில் யார் சிவப்பு வாங்கினார்கள், யார் இன்னும் திறக்காமல் வைத்திருக்கக்கூடும்? சீனர்கள் வாங்கியது எல்லாம் இந்நேரம் பலகாரத்தோடு வீடு வீடாகப் போயிருக்கும். சட்டென்று விரலைச் சொடுக்கினார்.

"சுங்கை புரோங் காக்! நோன்புப் பெருநாளுக்குன்னு போன மாசமே எடுத்துட்டுப் போனாங்கல்ல. அப்பப் பச்ச வரலன்னு நீதான சிவப்பத் தலையில கட்டுன?"

காக் என்றால் மலாயில் அக்கா. காக் லத்தீபா எங்கள் வாடிக்கையாளர்களில் மிகவும் முன்யோசனைக்காரர். நோன்பு தொடங்குவதற்கு முன்பே பிஸ்கட் வேலையைத் தொடங்கிவிடுவார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்குச் சரியான சாமானைக் கொடுக்காமல் போனதை நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

5

பச்சை மூடி மூட்டைகளையும் ரோஸ்லினின் போத்தல்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு மதியம் கிளம்பினோம். பள்ளி விடுமுறை என்பதால் கயலும் வந்தாள். வந்தாள் என்றால், போனைப் பார்த்துக்கொண்டு வேனில் இருந்தாள்.

தஞ்சோங் காராங்கைத் தாண்டியதும் எதிரே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. வடக்கேயிருந்து வருகிறவர்களும் வடக்கே போகிறவர்களும் ஒரே சாலையில். விடுமுறை சீனர்களுக்கு. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும். பாலன் வாய்க்கால் கரைப் பாதையில் இறக்கி, வயல் நடுவே ஓட்டினார்.

காக் லத்தீபா வாசலில் மீன் வலை போட்டு மூடிய தட்டில் எதையோ காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். பாலன் மூட்டைகளை அவிழ்க்கப் போய்விட்டதால், பேச்சைத் தொடங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மூடிக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது வரவில்லை. போத்தலுக்கு மேலே இருப்பது தலை, தலைக்கு 'கெப்பாலா'. மாற்றுவதற்கு 'துக்கார்'. கேள்விக்குறியோடு புன்னகையும் சேர்த்துச் சொன்னேன்: "காக், துக்கார் கெப்பாலா?"

அக்கா, தலையை மாற்றிக்கொள்ளலாமா?

காக் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என் தலையைப் பார்த்தார். பேரத்தில் தனக்கு நஷ்டம் என்று நினைத்த மாதிரி இருந்தது. உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். உள்ளேயும் சிரிப்புச் சத்தம் எழுந்தது.

கயல் போனைப் பைக்குள் வைத்தாள். "அம்மா, நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் பேசறேன்."

சொன்னேன். முறையாகவே சொன்னேன். ரோஸ்லின் யார், அவளுக்கு இரவு வேலை எத்தனை கஷ்டம், இந்த ஆர்டர் அவளுக்கு என்ன, பெருநாள் என்ற சொல் தமிழ்நாட்டில் எப்படி, இங்கே எப்படி, எங்கள் பக்கத்துத் தவறு, நாங்கள் கேட்க வெட்கப்படுகிறோம், ஆனாலும் கேட்கிறோம். கயல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காக்கிடம் திரும்பி ஒரே வரியில் ஏதோ சொன்னாள்.

"ஓ!" என்றார் காக்.

"என்னடி சொன்னே?"

"அம்மாவுக்குப் பெருநாள் மாறிப்போச்சு, இன்னொரு அக்காவோட வேலை போயிரும்னு சொன்னேன்."

"நான் அவ்வளவு நேரம் பேசினேனே."

"அதான்மா சொன்னேன்."

ஆயுள் முழுக்க அடுத்தவர் செய்தியை வெட்டியவள் நான். என்னை ஒருவர் வெட்டி அச்சுக்கு அனுப்பியது இதுவே முதல்முறை. வெட்டியதில் குறை சொல்லவும் முடியவில்லை.

காக் உடனே சம்மதிக்கவில்லை. போத்தல்களையெல்லாம் கழுவித் துடைத்து, மூடி திருகி, அறை முழுக்க அடுக்கி வைத்திருந்தார். இனி அத்தனையையும் இறக்க வேண்டும். அவரும் கயலும் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அங்கங்கே ஒரு சொல் புரிந்தது. என் மகள் கையை ஆட்டிப் பேசுகிறாள், சிரிக்கிறாள், புருவத்தைத் தூக்குகிறாள். என்னிடம் அவள் பேசும் தமிழில் இந்தப் புருவம் கிடையாது. வீட்டில் எல்லாவற்றுக்கும் 'ஓக்கேலா' என்று முடித்துக்கொள்கிற பெண்ணுக்கு இத்தனை வாக்கியங்கள் இருப்பதை, எனக்குத் தெரியாத ஒரு மொழியில்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் முடிவு வந்தது. பாலன் இறக்கிவைத்த பச்சை மூடியைக் கையில் எடுத்து மருமகள் முகத்துக்கு நேரே நீட்டி, காக் ஏதோ வெற்றியோடு சொன்னார். பச்சைதான் பெருநாளுக்கு அழகு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். சிவப்பே போதும் என்றது மருமகளாம். அந்த வழக்கு எங்களால் அன்று தீர்ந்தது. ஆனால் மூடிகளைக் கழற்றுவதும் மாட்டுவதும் நாங்கள்தான் செய்ய வேண்டும் என்றார்.

தரையில் உட்கார்ந்து கழற்றினோம். காக் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். ஒவ்வொரு மூடியையும் நான் கழற்றும்போது, 'தலை' என்ற அந்த மலாய்ச் சொல்லை மெதுவாகச் சொல்லி மருமகளோடு சேர்ந்து சிரித்தார். உள்ளங்கை சிவந்துபோய் வெளியே வந்தபோது வயல் மேல் வெயில் சாய்ந்திருந்தது.

6

பத்தாங் காலியில் ரோஸ்லின் வாசலிலேயே நின்றிருந்தாள். வேன் கதவைத் திறந்து, மேல் மூட்டையைக் கிழித்து, உள்ளே கையை விட்டு ஒரு மூடியை எடுத்துப் பார்த்தாள்.

"செவப்பு" என்றாள்.

"சிவப்புதான்."

அப்போதுதான் அவள் என்னைத் திட்டத் தொடங்கினாள். எனக்கு உயிர் வந்தது.

"ஏன்கா, பேப்பர்ல வேல செஞ்சவங்கன்னு சொல்றீங்க. ஒரு வார்த்த, எந்தப் பெருநாள்னு கேக்க வாய் இல்லியா? நான் எம்மா நேரம் அழுதேன் தெரியுமா? அழுதுகிட்டே ஒரு ஈடு கருகிப் போச்சு. அத யாரு சாப்புடறது?"

"நான் சாப்பிடறேன்."

"ஆமா, நீங்கதான் சாப்புடணும்."

கருகிய முறுக்கைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். அதைத் தின்றுகொண்டே நல்ல முறுக்கைப் போத்தலில் அடுக்கினேன். தொழிற்சாலையிலிருந்து அவள் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கயல் மூடி திருகினாள். மதியப் பயிற்சியால் வேகம் வந்திருந்தது. அடுக்கி முடித்ததை வேனில் ஏற்றிக்கொண்டோம்; ரோஸ்லின் தோழிகளோடு அந்த இரவு ஷிப்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ரவாங் தொழிற்சாலை வாசலில் எங்கள் வேனைக் காவலாளி நிறுத்தினார். உள்ளே சாமான் போக வேண்டுமென்றால் ஸ்டோரில் முத்திரை வேண்டும். ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா, எங்கே? நேற்றே லீவில் போய்விட்டார். வேறு யாரிடம் முத்திரை? கிராணியிடம்தான். இவ்வளவும் சைகையில் புரிந்தது; அதற்கு மேல் பாலன் அவரிடம் மலாயில் பேசினார், நான் ஆங்கிலத்தில் பேசினேன், அவர் நேபாளி. மூன்று பேரும் மரியாதையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே மணி அடித்தது. ஆட்கள் ஷெட்டுகளிலிருந்து வெளியே வரத் தொடங்கினார்கள்.

சீருடையில், தலையுறையும் முகக்கவசமுமாக ரோஸ்லின் ஓடி வந்தாள். இரவு ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். காவலாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேனுக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தடுப்புக் கம்பு மேலே போனது.

கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டிருந்தார்கள். முதலாளியின் மனைவி சிவப்புச் சட்டையில் வந்தார். சிவப்பு மூடிகள் வெயிலில் வரிசையாக நிற்பதைப் பார்த்துக் கையைத் தட்டினார். இதைச் சுட்டது யார் என்று ரோஸ்லினின் சூப்பர்வைசரிடம் கேட்டார். சூப்பர்வைசர் கூட்டத்துக்குள் கையைக் காட்டினார். அங்கே எல்லாரும் ஒரே தலையுறை, ஒரே முகக்கவசம்.

ரோஸ்லின் எங்கள் வேனுக்குப் பின்னால் வந்து நின்றாள். "நேத்து சாயங்காலமே மேனேஜர்கிட்ட போன்ல சொல்லிட்டேன்கா. லீவு முடிஞ்சு நைட் ஷிப்டுக்கு வரமாட்டேன்னு."

"நேத்தா? மூடி வர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. வரலன்னா என்னா பண்றதுன்னு யோசிச்சா, சொல்ல தைரியம் வராதுல்ல. அதான்."

மேசை மேல் நின்ற சிவப்பு மூடிகளை நான் மறுபடி ஒருமுறை எண்ணினேன். 

போத்தல் வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ரோஸ்லினும் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"நீ எங்க போறே?"

"இன்னிக்கி வரைக்கும் நானும் ஸ்டாஃப்தான்கா. எனக்கும் ஒரு போத்தல் உண்டு."

வரிசை மெல்ல நகர்ந்தது. அவள் முறை வந்தபோது முதலாளியின் மனைவி ஒரு போத்தலை இரண்டு கையாலும் எடுத்து நீட்டி, மற்ற எல்லாரிடமும் சொன்னதையே சொன்னார். ரோஸ்லின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து நன்றி சொன்னாள். யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. இவளும் சொல்லவில்லை.

வேன் பக்கம் வந்து முகக்கவசத்தை இறக்கினாள். மூடியைத் திருகினாள். ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காசு கொடுத்து வாங்கியவள் போல நிதானமாக மென்றாள்.

"யாரு சுட்டதோ" என்றாள். "ஓமம் கொஞ்சம் தூக்கல்."

பிறகு இன்னொன்று எடுத்தாள்.